குவாசரிலிருந்து வீசும் காற்று

விளக்கின் முன்னே புகை படர்ந்தால் ஒளி மங்கும். புகையைக் கண்ணாற் காணவியலாத தொலைவில் நிற்பவனும் அம்மங்கலைக் கொண்டே புகையுண்டென அறிவான். குவாசர் என்னும் பேரொளிப் பொருள்களினின்று வாயு வெளியேறுவதை வானியலார் அறிந்த வழியும் இதுவே.

குவாசரின் நடுவே, சூரியனிலும் பல கோடி மடங்கு திணிவுள்ள கருந்துளையொன்று உளது. அதனுள் வீழுமுன் சுழன்று கொதிக்கும் வாயுவே ஊதாக்கடந்த கதிரையும் எக்ஸ் கதிரையும் சொரிகின்றது. உள்ளே விழவேண்டிய வாயுவில் ஒரு பங்கு வெளியே பாய்வதுதான் வியப்பு.

1967 ஆம் ஆண்டில் ரொஜர் லிண்ட்ஸ் என்னும் அமெரிக்க வானியலார், கும்பராசித் திசையிலுள்ள பி.எச்.எல். 5200 என்னும் குவாசரின் நிறமாலையை ஆராய்ந்தார். காபன் முதலிய மூலகங்களின் ஒளிக்கோடுகளுக்கு அருகே, நீலப்பக்கமாக, அகன்ற இருட்பள்ளங்கள் காணப்பட்டன. ஒளியை உறிஞ்சும் வாயு குவாசரைவிட்டு நம் திசையாக விரைந்தாலன்றிப் பள்ளம் அப்பக்கம் ஒதுங்காது. வேகமோ செக்கனுக்கு 10,000 கிலோமீற்றரளவு!

இதனைத் தள்ளுவது யாது? ஒளியே என்பது பலர் துணிபு. மூன்று இலத்திரன்களை இழந்த காபன் அணு, எஞ்சிய மூன்றின் துணையால் ஊதாக்கடந்த கதிரை உறிஞ்சித் தள்ளுண்கின்றது. இங்கேதான் சிக்கல். எக்ஸ் கதிர் அவ்வெஞ்சிய இலத்திரன்களையும் பறித்துவிடும். பறித்தபின் ஒளிக்குப் பிடிமானம் இல்லை. ஆகவே உட்புறத்தில் தடித்த வாயுத்திரையொன்று எக்ஸ் கதிரைத் தாங்கிக்கொள்கின்றதென 1995 இல் நோர்மன் மறே முதலானோர் கூறினர். 1990 இல் ஏவப்பட்ட ரோசாற் செய்மதியின் நோக்கல்களில் இவ்வகைக் குவாசர்கள் எக்ஸ் கதிரில் மிக மங்கித் தோன்றியமை இக்கருத்துக்கு அரணாயிற்று. எனினும், அவற்றுட் சில இயல்பாகவே மங்கியவை எனக் கருதவும் இடமுண்டு; திரை எல்லாவற்றுக்கும் விடையன்று.

எக்ஸ் கதிரிலேயே பள்ளம் வெட்டும் காற்றும் உண்டு. ஏறக்குறைய எல்லா இலத்திரன்களையும் இழந்த இரும்பு அங்கே சாட்சி. பி.டி.எஸ். 456 என்னும் குவாசரை எக்ஸ்.எம்.எம். நியூட்டன், நியூஸ்டார் ஆகிய இரு செய்மதிகளும் ஒருங்கே நோக்கின. முடிவு 2015 இல் வெளியாயிற்று. ஒளிவேகத்தில் நாலிலொரு பங்களவு விரைவுடன், அக்காற்று ஏறத்தாழ எல்லாத் திசைகளிலும் வீசுகின்றது. ஒடுங்கிய தாரையாயின், சுற்றியுள்ள நட்சத்திரத் தொகுதியைத் துளைத்துக்கொண்டு அப்பாற் போயிருக்கும். எத்திசையும் பரந்த காற்றோ, புதிய நட்சத்திரங்கள் பிறப்பதற்கான வாயுவையே அத்தொகுதியினின்றும் துடைத்தெறிய வல்லது.