இங்கிலீஷ் தெரியாத அம்மாவும் கம்ப்யூட்டரும்

(வேங்கிக்காலில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் பேசி முடிச்சாச்சு. இனி பிள்ளைகள் படிப்பு பற்றிக் கொஞ்சம் பேசுவோம். நம் உள்கடன் நோட்டைப் புரட்டினால், மாடு வாங்க எடுத்த கடன் ஒரு பக்கம், இங்கிலீஷ் மீடியம் ஃபீஸ் கட்ட எடுத்த கடன் இன்னொரு பக்கம். அரசுப் பள்ளிகளிலேயே 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துவிட்டன. ஆனாலும் நமக்குப் பயம் போகல. "எனக்குத்தான் ஏபிசிடி தெரியாதே, வீட்டுல யார் சொல்லித் தருவா?" என்கிறோம்.

சுகதா மித்ரா என்று ஒரு பேராசிரியர். 1999-ல் டெல்லி கல்காஜியில், குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் ஓட்டை போட்டு ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். பள்ளிக்கூடமே சரியாகப் போகாத பிள்ளைகள் தாங்களாகவே அதைப் பழகிக்கொண்டார்கள். பிறகு ஐதராபாத்தில் தெலுங்குப் பிள்ளைகளுக்குப் பேச்சை எழுத்தாக்கும் கம்ப்யூட்டர் கொடுத்துப் பார்த்தார். உச்சரிப்பு தப்பினால் அது தப்பாக எழுதும். சரியாக எழுத வைக்கிற வரைக்கும் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பேசினார்கள். அவர்கள் இங்கிலீஷ் உச்சரிப்பும் தெளிவானது.

நமக்கு வேண்டிய கதை இதற்கடுத்தது. சுனாமி பாதித்த, தமிழ் பேசும் ஊர் காளிக்குப்பம். அங்கே உயிரியல் பாடத்தை முழுக்க இங்கிலீஷிலேயே கம்ப்யூட்டரில் போட்டு வைத்தார். வாத்தியார் கிடையாது. இரண்டு மாதம் கழித்துப் பரீட்சை வைத்தால் சுமார் 30 சதவீத மார்க். அதற்குப் பிறகு கணக்கு எழுதும் வேலையில் இருந்த ஓர் இளம்பெண்ணைத் துணைக்கு வைத்தார். அந்தப் பாடம் அவருக்குத் தெரியாது. பாட்டிமார் மாதிரி பின்னால் நின்று, "அட, இது எப்படிப்பா செஞ்சே? எனக்கும் காட்டேன்" என்று கேட்டது மட்டும்தான் அவர் வேலை. மார்க் சுமார் 50 சதவீதத்துக்கு ஏறியது. இந்த ஆய்வு 2010-ல் வெளியானது.

நம்ம குழு ஊக்குநர் என்ன செய்யறாங்க? உங்க மாட்டை அவங்க வந்து கறக்கிறதில்லை. கேட்கிறாங்க, விசாரிக்கிறாங்க, தைரியம் சொல்றாங்க. அந்த வேலைதான் இது.

கம்ப்யூட்டர் வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வடக்கே அல்மோரா பக்கம் இதே மாதிரி வைத்த கம்ப்யூட்டர்கள் பின்னால் கவனிப்பார் இல்லாமல் மூடிப்போயின. இத்தகைய இடங்களில் பையன்கள் முன்னால் நின்றுகொள்வார்கள், பெண்பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள் என்ற குறையும் சொல்லப்பட்டது. நம் வீட்டு செல்போனும் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் தெரியும். பையன் கேம் ஆடுவான், பெண் பாத்திரம் தேய்ப்பாள்.

ஐதராபாத்தில் வைத்த அந்தக் கருவி இன்று சாதாரண ஸ்மார்ட்போனிலேயே இருக்கிறது. எழுதும் இடத்தில் மைக் படத்தைத் தொட்டு, மொழியை இங்கிலீஷ் என்று வைத்துவிட்டு, பிள்ளையைப் பாடத்தில் ஒரு வரி வாசிக்கச் சொல்லுங்கள். "இஸ்கூல்" என்று சொன்னால் என்ன எழுதுகிறது, "ஸ்கூல்" என்றால் என்ன எழுதுகிறது என்று அவர்களே பார்த்துச் சிரிப்பார்கள். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கட்டம் கட்டமாக ஒரு சதுரக் குறி இருக்கும். அதைப் போன் கேமராவில் காட்டினால் பாடத்துக்கான வீடியோ கிடைக்கும். போன் சில நேரம் சரியாகச் சொன்னதையும் தப்பாக எழுதும். அதுக்காகப் பிள்ளையைத் திட்டாதீங்க. சந்தேகம் இருந்தால் டீச்சரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

ராத்திரி சோறாக்கும் நேரத்தில் 20 நிமிஷம், முதல் முறை பெண்பிள்ளைக்கு. நாம் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்போம். நமக்கு நிஜமாகவே தெரியாது என்பதால் நடிக்கவும் வேண்டியதில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவிலும் எத்தனை வீட்டில் நடந்தது, எங்கே நின்று போனது என்று கேட்போம். பிரதிநிதிகள் தீர்மான நோட்டிலேயே குறித்துக்கொண்டு வாருங்கள்.