கைக்கு வந்த பணமும் கழுத்தில் தொங்கும் கேமராவும்



தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003-ஆம் ஆண்டோடு முடிந்துபோன கதை. ஆனாலும் எதிர்பாராத பணம் வீடு தேடி வருவது நின்றுவிடவில்லை. ஊதிய நிலுவை மொத்தமாக வந்து சேர்கிறது. மறந்தே போயிருந்த எல்.ஐ.சி. பாலிசி முதிர்கிறது. ஊரில் விற்ற மனையில் பங்கு பிரித்து, "இந்தா, இது உனக்கு" என்று அண்ணன் கொடுக்கிறார். அவசரப்பட்டுத் தள்ளி எடுக்காமல் கடைசிவரை விட்டுவைத்த ஏலச்சீட்டு முழுத் தொகையாகக் கைக்கு வருகிறது.

பணம் வந்தவர் புகைப்படப் பித்து உள்ளவராக இருந்தால், அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். எல்லோரும் தூங்கிய பிறகு கைபேசியில் புதுக் கேமராக்களின் விலைப்பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். விடிவதற்குள் எந்த மாடல் என்பது முடிவாகிவிடும். அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் பாக்கி.

அந்த நேயரிடம்தான் இன்று பேச வந்திருக்கிறேன். வந்த தொகை ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு நகை அடகில் இருந்தால் முதலில் போய் மீட்டு வாருங்கள். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதையும் தீர்த்துவிடுங்கள். அதெல்லாம் இல்லை, இந்த லட்சம் முழுக்க முழுக்க என் ஆசைக்குத்தான் என்கிறீர்களா? நல்லது. இனி பேசலாம்.

உங்களுக்கு முன்பே இப்படித் திடீரென்று பணம் வந்த மூன்று புகைப்படக்காரர்களைச் சொல்கிறேன்.

முதலாமவர் பாரிஸ் நகரத்து யூஜின் அட்ஜே. பழைய பாரிஸின் தெருக்களையும் கடை வாசல்களையும் முற்றங்களையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் படமெடுத்து, ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் ஒவ்வொன்றாக விற்றுப் பிழைத்தவர். 1920-ஆம் ஆண்டில், அறுபதைத் தாண்டிய வயதில், தம்மிடமிருந்த சுமார் 2,600 நெகட்டிவ்களைப் பிரெஞ்சு அரசுக்கு விற்றார். கிடைத்தது 10,000 பிராங்க். அன்றாடம் படம் விற்றால்தான் சோறு என்ற நிலை மாறியது. அப்போது சந்தையில் கைக்கு அடக்கமான கேமராக்கள் வரத் தொடங்கிவிட்டன. அட்ஜே தம்முடைய பழைய மரப்பெட்டிக் கேமராவையும் கண்ணாடித் தட்டுகளையும் முக்காலியையும் விடவில்லை. பணம் கொடுத்த விடுதலையை எடுத்துக்கொண்டு, பாரிஸைச் சுற்றியிருந்த பழைய அரண்மனைத் தோட்டங்களுக்குப் போனார். வெர்சாய், சேன் கிளூ, சோ என்று ஒரே தோட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார். சோ தோட்டத்துப் படங்கள் சிலவற்றில் காலை ஏழு மணி என்று நேரத்தைக்கூடக் குறித்திருக்கிறார். அவருடைய படைப்புகளில் மிக உயர்ந்தவையாக இன்று பலரும் போற்றுவதில் இந்தக் கடைசி ஏழாண்டுத் தோட்டப் படங்களும் உண்டு.

இரண்டாமவர் அமெரிக்காவின் சிகாகோ நகரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை செய்த விவியன் மேயர். பிரான்சில் தாய்வழிக் குடும்பத்தின் பண்ணை நிலம் அவருக்கு வந்தது, அதை விற்றார். கழுத்தில் ரோலிஃபிளெக்ஸ் கேமராவோடு 1959-இல் தனியாக உலகப் பயணம் கிளம்பினார். மணிலா, பாங்காக், இந்தியா, எகிப்து, இத்தாலி என்று நீண்ட பயணம். ஆயா வேலைச் சம்பளத்தில் முடிகிற காரியமில்லை. பண்ணை விற்ற பணம்தான் கைகொடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அவர் வாழ்க்கையின் மிச்சக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

மூன்றாமவர் நம்மவர். நாவலாசிரியர் மாதவையாவின் மகன், மா. கிருஷ்ணன். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். 1968-இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கை அவருக்குக் கிடைத்தது. அந்தப் பணம் எங்கே போனது? காடுகளுக்குப் போனது. தீபகற்ப இந்தியாவின் பெரிய விலங்குகளைப் பற்றிய அவருடைய கணக்கெடுப்பு பிறகு நூலாகவே வந்தது. கேமராவோ, வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்து உருவாக்கிய ஒரு கலவைக் கருவி. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். கடையில் கேட்டால் கிடைக்காத மாடல்.

மூவரும் வெவ்வேறு தேசம், வெவ்வேறு தொழில். ஆனால் பணம் வந்தபோது மூவரும் செய்தது ஒன்றே. பணத்தைக் கருவியாக மாற்றவில்லை, நாட்களாக மாற்றினார்கள். படம் எடுக்கிற நாட்களாக. நான் சொல்ல வந்ததும் இவ்வளவுதான்.

நேயர் உடனே கேட்பார்: "அது ஃபிலிம் காலம் சார். இப்போது வருடத்துக்கு ஒரு மாடல் வருகிறது. என் கேமரா பழசாகிவிட்டதே?"

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாண்டுக்கு முந்தைய கேமராக்களிலேயே 24 மெகாபிக்சல் சாதாரணமாக வந்துவிட்டது. நம் ஊர் லேப்களில் பெரிய பிரின்ட் என்றால் பெரும்பாலும் 12-க்கு 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்ந்த தரத்தில் அதை அச்சிட இருபது மெகாபிக்சல்கூட முழுதாகத் தேவைப்படாது. சுவரில் மாட்டுகிற படத்துக்கே உங்கள் பழைய கேமராவில் மிச்சம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். புதுக் கேமரா வாங்குவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெட்டியைப் பிரித்த மாதத்திலிருந்தே அதன் விலை இறங்கத் தொடங்கும்.

கருவியே வாங்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. லட்சத்தில் கால் பங்கு, இருபத்தைந்தாயிரம், கருவிக்கு ஒதுக்குங்கள். எதை வாங்குவது என்பதை விளம்பரத்தைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டாம், உங்கள் பழைய படங்களைக் கேளுங்கள். ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் எந்த லென்ஸ், எவ்வளவு திறப்பு, எவ்வளவு ஷட்டர் வேகம் என்ற விவரம் பதிவாகியிருக்கும். கெட்டுப்போன படங்களை எடுத்து வரிசையாகப் பாருங்கள். ஏன் கெட்டன? பெரும்பாலும் விடை ஒன்றாகத்தான் இருக்கும்: வெளிச்சம் போதவில்லை.

இரவுத் தெருக்கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை பல்பு வெளிச்சத்தில் கலைஞர் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருக்கிறார். கேமராவோடு கொடுத்த கிட் லென்ஸ் 50 மில்லிமீட்டர் அளவில் பெரும்பாலும் எஃப் 5.6 வரைதான் திறக்கும். ஷட்டர் பத்தில் ஒரு பங்கு நொடி திறந்திருக்க வேண்டியிருக்கும். அதற்குள் கலைஞர் கையை அசைப்பார், படம் கலங்கும். இதுவே எஃப் 1.8 வரை திறக்கிற 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். நூறில் ஒரு பங்கு நொடி போதும். அரிதாரக் கோடு ஒவ்வொன்றும் தெளிவாக விழும். லென்ஸ்களிலேயே விலை குறைந்த வகையில் இது சேரும் என்பது கூடுதல் நன்மை. லென்ஸ் நீண்டகாலச் சொத்தும்கூட. கேனான் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த இ.எஃப். வகை லென்ஸை அவர்களுடைய இன்றைய மிரர்லெஸ் கேமராவிலும் ஓர் அடாப்டர் வைத்து மாட்டிக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் இன்னும் மிச்சம். ஆனால் லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பார்த்து, உள்ளே பூஞ்சை இழை ஓடியிருக்கிறதா என்று கவனியுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது பெரிய தொல்லை. வாங்கிய பிறகு தோல்பைக்குள் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும்.

பறவைகளைப் படமெடுப்பவருக்கு மட்டும் கணக்கு வேறு. 400, 600 மில்லிமீட்டர் லென்ஸ் இல்லாமல் அந்தத் துறையில் நகர முடியாது. பறக்கிற பறவையைத் தொடர்ந்து குவியத்தில் பிடிக்கப் புதுக் கேமராக்கள் உண்மையிலேயே உதவுகின்றன. அவருக்கும் ஒரு வார்த்தை: வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் தோளில் சுமந்து பாருங்கள். எடையும் ஆசையும் அப்போது சரியாகத் தெரிந்துவிடும்.

இனி பெரும் பங்கு. நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் பயணத்துக்கு. பத்து ஊருக்கு ஒரு தடவை போவதைவிட ஓர் ஊருக்குப் பத்துத் தடவை போவது மேல் என்பேன். வேதாரண்யம் உப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய பகுதி அது. மழை ஓய்ந்ததும் பாத்தி கட்டுகிறார்கள். பிறகு முதல் உப்பு வாருகிறார்கள். கோடை ஏற ஏற வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கடைசியில் பருவமழை வந்து பாத்திகளைக் கரைக்கிறது. இந்த நான்கு காலத்தையும் பார்த்தவருக்குத்தான் உப்பளத்தின் கதை முழுதாகக் கிடைக்கும். ஒரே நாள் போய் வந்தவருக்குக் கிடைப்பது வெள்ளைக் குவியலும் நீல வானமும்தான். குளிர்காலத்தில் போனால் பக்கத்திலேயே கோடியக்கரையில் பூநாரைகளும் வந்திருக்கும். பேருந்து, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நடைக்கு மூவாயிரம் என்று வைத்தால், நாற்பத்தைந்தாயிரத்துக்குப் பதினைந்து தடவை போகலாம். மாதம் ஒரு முறை என்றாலும் ஓராண்டுக்கு மேல் ஓடும்.

அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டுப் படமெடுங்கள். அடுத்த முறை போகும்போது, எடுத்த படத்தைப் பிரின்ட் போட்டு அவர்கள் கையில் கொடுங்கள். மூன்றாம் முறை நீங்கள் வெளியூர் ஆளாக இருக்க மாட்டீர்கள். "வாங்க தம்பி, டீ குடிச்சுட்டுப் போகலாம்" என்று அவர்களே கூப்பிடுவார்கள். எந்த லென்ஸும் வாங்கித் தராத நெருக்கம் அது.

இப்போது விவியன் மேயரின் மிச்சக் கதை. வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர் அவர். ஆனால் பெரும்பாலானவற்றை அவர் பிரின்டாகப் பார்த்ததே இல்லை. நூற்றுக்கணக்கான ஃபிலிம் சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன. வாடகைக் கிடங்கில் பெட்டி பெட்டியாக வைத்திருந்தார். வாடகை கட்ட முடியாமல் போனது. 2007-இல் எல்லாம் ஏலத்துக்கு வந்து, யார் யாரோ வாங்கிப் போனார்கள். 2009-இல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவரைக் கொண்டாடத் தொடங்கியது.

நம் வீட்டு ஹார்ட் டிஸ்க்கும் அப்படிப்பட்ட கிடங்குதானே? அதனால்தான் மிச்சமிருக்கும் முப்பதாயிரத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். பதினைந்தாயிரம் பிரின்டுக்கு. இத்தனை ஆண்டுகளில் எடுத்ததில் நாற்பது படங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஆயிரத்திலிருந்து நாற்பதைப் பிரிப்பது பெரிய படிப்பு. உங்கள் பலம் எது, எதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் தெரியும். நல்ல தாளில் அச்சிடுங்கள். ஒரு புத்தகமாகக் கட்டுங்கள். உள்ளூர் நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு சின்னக் கண்காட்சி வையுங்கள்.

அடுத்த பதினைந்தாயிரம் பாதுகாப்புக்கு. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, எல்லாப் படத்துக்கும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கட்டாயம் வேறு வீட்டில் வையுங்கள். அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்து வீடுகளில் கல்யாண ஆல்பங்கள் ஊறிப்போனதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, கணக்கு இதுதான். கருவிக்கு இருபத்தைந்தாயிரம், பயணத்துக்கு நாற்பத்தைந்தாயிரம், பிரின்டுக்குப் பதினைந்தாயிரம், பாதுகாப்புக்குப் பதினைந்தாயிரம். தொகை கூடினாலும் குறைந்தாலும் விகிதம் இதுவே இருக்கட்டும்.

பணம் கைக்கு வந்த நேயர் இன்றிரவு கைபேசியில் விலைப்பட்டியலை மூடிவிட்டு நாட்காட்டியைத் திறக்கட்டும். அடுத்த மாதத்தில் இரண்டு நாள் குறித்து, பேருந்துக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். கேமராக் கடை எங்கும் ஓடிவிடாது. நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் திறந்துதான் இருக்கும்.