எப்பம் போற மக்களே?



கவிமணி பிறந்த தேரூருக்குக் கூப்பிடு தூரத்தில் கூடியிருக்கும் நாம், கணவன் கையால் அடிபட்டு, இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு பையுமாக வெளியேறிவந்த பெண்ணைப் பற்றிப் பேசப் புகுங்கால், முதலில் நினைக்கத்தக்கது கவிமணியின் மருமக்கள்வழி மான்மியமே என்பது என் அபிப்பிராயம். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு நாம் படிக்கும் அந்நூலின் ஹாஸ்யத்துக்கு அடியில் கிடப்பது, புருஷன் சொத்து அவன் சகோதரி மகனான மருமகன் கைக்குப் போக, பெற்ற மக்களோடு தவிக்கும் ஒரு நாஞ்சில் நாட்டு மனைவியின் புலம்பலேயன்றோ? 1926-ல் திருவிதாங்கூர் சர்க்கார் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தால் அந்த மருமக்கள்வழி முறையை மாற்றிற்று. ஆயினும் தாய்வீடு திரும்பிய மகளை நாம் இன்றும் விருந்தாளியாகவே வைத்திருக்கிறோம். யாரும் விரட்டுவதில்லை, பத்தாம் நாள் பெரியம்மை ஒருத்தி முறத்தில் அரிசி புடைத்தபடியே, "எப்பம் போற மக்களே?" என்று வாஞ்சையாகக் கேட்பாள், அவ்வளவுதான்.

முன்பு நாமும் இருந்த அதே திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் 1916-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், மகளுக்கு மகன் பங்கில் கால்பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுவே என்றது. கணவரைப் பிரிந்து, இரு குழந்தைகளுடன் உதகையில் தகப்பனாரின் வீட்டில் ஒதுங்கிய மேரி ராயை, அச்சட்டத்தைக் காட்டியே வெளியேறச் சொன்னவர் உடன்பிறந்தவர். அவ்வம்மையார் விடவில்லை, 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டந்தான் செல்லும் என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ இன்னும் ஒருபடி மேலே சென்று, பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், தான் குடியிருந்த வீட்டிலேயே இருக்க அடிபட்ட பெண்ணுக்கு உரிமை உண்டு என்கிறது. முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த 'முயல' என்ற சொல்லுக்குள்தான் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அண்டி ஆபீஸில் முந்திரி உடைத்து, தோட்டெண்ணெயால் உள்ளங்கை கறுத்துப்போன ஒருத்திக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி என்பதை எந்தக் கட்சிக்காரரின் வக்கீலும் கணக்கில் எடுப்பதில்லை.

அவள் பிள்ளையின் கதி என்ன? பழைய பள்ளியில் டி.சி. கேட்டால், "அப்பாவைக் கூட்டி வா" என்கிறார்கள். டி.சி. வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்பு வரை சேர்க்க மறுக்கலாகாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்வதை, இச்சபையிலுள்ள ஆசிரியப் பெருமக்கள் அறிவார்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருப்பதையும் அந்தத் தாய்க்குச் சொல்லவேண்டியவர்களும் அவர்களே.

வாடகைக்கு வீடு வைத்திருப்போரும் இங்கே பலர் இருக்கிறீர்கள். பிள்ளையோடு ஒருத்தி வந்து கேட்டால், "வீட்டுக்காரர் எங்கே?" என்று விசாரிக்காமல், சாவியை எடுத்துக்கொண்டுபோய்க் கதவைத் திறந்து காட்டுங்கள், முன்பணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.