கூரையை யார் பார்ப்பது?

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் மலைப்பக்கச் சுவர் ஓரம் இருந்த மோட்டார் கேபிள் திருடு போனதிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான்: யார் பொறுப்பு? சிலர் செயற்குழு என்கிறீர்கள். சிலர் செக்யூரிட்டி ஏஜென்சி என்கிறீர்கள். இரவுக் காவலரை உடனே மாற்ற வேண்டும் என்பது இன்றைய தீர்மானங்களில் ஒன்று. அதற்குக் கை தூக்குவதற்கு முன், ரயில்வே பார்சல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நம் ஊர் வண்டியில் நடந்த ஒரு திருட்டை நினைவுபடுத்துகிறேன்.

2016 ஆகஸ்ட் 8 இரவு. சேலத்திலிருந்து விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் எக்ஸ்பிரஸ். நாம் வழக்கமாகப் போகும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் இல்லை, இது வேறு தடம். அதில் ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டிய பழைய நோட்டுகள், 226 பெட்டிகளில், சுமார் 342 கோடி ரூபாய். காவலுக்கு ஆயுதம் ஏந்திய போலீசார் உடன் போனார்கள். மறுநாள் சென்னையில் வேனைத் திறந்தால் கூரையில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு ஓட்டை. 5 கோடியே 78 லட்சம் ரூபாயைக் காணவில்லை.

உடனே பழி போடுதல் தொடங்கியது. மாநிலத்தில் சட்டம் ஒழுங்கு சரியில்லை என்றார்கள் ஒரு பக்கம். ரயில் மத்திய அரசுடையது அல்லவா என்றார்கள் மறுபக்கம். இரண்டு பக்கத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ரயில்வே சொத்தையும் சரக்கையும் காப்பது ஆர்.பி.எஃப்.; அது மத்திய அரசின் படை. ரயிலில் நடக்கும் குற்றத்தை வழக்காகப் பதிவதும் விசாரிப்பதும் ரயில்வே போலீஸ். அது மாநில அரசின் கையில். பணம் அனுப்பியது வங்கி. இத்தனை பேர் பொறுப்பில் இருந்தும் ஓடும் வண்டியின் கூரையைப் பார்க்க ஒருவரும் இல்லை.

திருடர்கள் அந்த இடத்தைத்தான் பிடித்தார்கள். அப்போது சேலம் – விருத்தாசலம் தடத்தில் மின்கம்பி கிடையாது, டீசல் என்ஜின்தான். மேலே ஏறினாலும் ஷாக் அடிக்காது. விருத்தாசலத்துக்கு அப்பால் மின்சார என்ஜின். அதற்கு முன்பே, சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் வேலை முடிந்துவிட்டது என்பது சி.பி.சி.ஐ.டி. கண்டது.

விசாரணையில் பெட்டி ஏற்றியவர்கள், வங்கி ஊழியர்கள், ரயில்வே ஊழியர்கள் எனப் பலரையும் கேட்டார்கள். கடைசியில் 2018 அக்டோபரில் கைதானது மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கும்பல். இடையில் 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயிருந்தன. எடுத்த பணத்தில் மாற்ற முடியாமல் போனது போக, திரும்பக் கிடைக்க என்ன மிஞ்சியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

பார்சல் வேனுக்கு சீல் வைப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கம்பியும் ஈயத் துண்டும் திருடனைத் தடுக்காது. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் சீலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் உடைந்தது என்று தெரிந்துவிடும். கேள்வி கேட்க வேண்டியது யாரை என்பதும் தெரிந்துவிடும். தெரியாதபோதுதான் கையில் அகப்பட்டவர் மேல் பழி விழுகிறது. பெரும்பாலும் அவர் குறைந்த சம்பளக்காரராக இருப்பார்.

இப்போது நம் வளாகத்துக்கு வருவோம். கேமரா நான்கும் கேட்டையும் கார் நிறுத்துமிடத்தையும் பார்க்கின்றன. மலைப்பக்கச் சுவரில் ஒன்றும் இல்லை. குரங்குக்குப் பயந்து மொட்டை மாடிக் கதவைப் பூட்டுகிறோம். சாவி யாரிடம் என்று கேட்டால் மூன்று பதில் வருகிறது. இரவுக் காவலருக்கு எழுதிக் கொடுத்த வேலை கேட்டில் இருப்பது. கேபிள் இருந்த இடத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் இரண்டு பிளாக் நிற்கின்றன.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று:

1. மாடி, மலைப்பக்கச் சுவர், மோட்டார் அறை, கேட்டில் வைக்கும் பார்சல் – ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயரை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம்.

2. காவலர் ஷிப்ட் மாறும்போது இருவரும் சேர்ந்து ஒரு சுற்றுப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்திடட்டும். சுற்றும் நேரத்தில் கேட்டைப் பூட்டிவிடலாம்.

3. போலீசில் கொடுத்த புகாரின் நகலை வாங்கி வைத்து, வாரம் ஒருமுறை செயலாளர் விசாரித்து வரட்டும்.

காவலரை மாற்றும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர் மேல் ஆதாரம் வந்தால் அன்று நானே முதலில் கை தூக்குகிறேன். ஆதாரம் இல்லாமல் அவரை அனுப்பிவிட்டால், புதிதாக வருபவரும் அதே நாற்காலியில் கேட்டைப் பார்த்துத்தான் உட்காருவார். சுவர் அப்படியேதான் இருக்கும்.