மூச்சுக்குழாயின் தசை தடிப்பது ஏன்?

இழுப்பு வந்த பிள்ளைக்கு நீல நிறக் குப்பி மருந்தை உறிஞ்சக் கொடுக்கிறோம். சற்று நேரத்தில் மூச்சு சீராகிறது. நோய் போய்விட்டதென்று எண்ணி, நாள்தோறும் எடுக்கச் சொன்ன மற்றொரு மருந்தை நிறுத்திவிடுகிறோம். இது சரிதானா?

நம் மூச்சுக்குழாய்களைச் சுற்றி மெல்லிய தசை உள்ளது. ஆஸ்துமாவால் இறந்தவர்களிடம் இத்தசை தடித்திருந்ததை ஹூபர், கோஸ்லர் என்னும் ஆய்வாளர்கள் 1922ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தனர்.

அது தடிப்பது எப்படி? குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கியிருக்கும்போது, 'வளர்ச்சிக் காரணிகள்' என்னும் புரதங்கள் அங்கே சுரக்கின்றன. இவை தசை உயிரணுவின் மேற்புறத்திலுள்ள ஏற்பிகளில் வந்து பொருந்துகின்றன. துரையின் உத்தரவு கிராணி வழியாக மண்டோருக்கும், அவர் வழியாக வேலையாட்களுக்கும் போய்ச் சேருமல்லவா? அதுபோலச் செய்தி புரதத்துக்குப் புரதம் கைமாறி உயிரணுவின் உட்கருவை அடைகிறது. உயிரணு பருக்கிறது, எண்ணிக்கையிலும் பெருகுகிறது. தடித்த தசை இறுகினால் வழி மேலும் குறுகும்.

நீலக் குப்பி மருந்து இறுகிய தசையைத் தளர்த்தும், அழற்சியைத் தணிக்காது. அதைத் தணிப்பது, உறிஞ்சி எடுக்கும் ஸ்டீராய்டு மருந்தே. இழுப்பு இல்லாத நாளிலும் அழற்சி உள்ளே இருக்கக்கூடும். தடித்துவிட்ட தசையை மெலியவைப்பதோ எளிதன்று.

ஆகவே, மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்த வேண்டாம். சிகரெட், கொசுவர்த்தி, குப்பை எரிக்கும் புகை ஆகியவற்றைப் பிள்ளையிடம் அண்டவிடாதிருப்போம்.