எண்ணும் பெயரும்

டயகமத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வேளையிலே இருவகை எண்கள் பதியப்படுகின்றன. ஒன்று, பறித்த கொழுந்தின் நிறை. மற்றது, பறித்தவளின் செக்ரோல் எண். நிறையைக் கூட்டினால் கூலிக் கணக்கு வரும். செக்ரோல் எண்களையோ எவரும் கூட்டுவதில்லை. அவை எண் உருவில் நிற்கும் பெயர்கள். இவ்வேற்றுமையை மறந்தால் கணனியும் இடறும்.

கணனி எண்களைப் பூச்சியம், ஒன்று என்னும் இரு குறிகளால் எழுதுகின்றது. அதற்கென ஒதுக்கும் அறையோ அளவுபட்டது. நேரெண், மறையெண் இரண்டுக்கும் இடந்தரும் 32 குறி அறையில் அடங்கும் மிகப்பெரிய எண் 2,147,483,647. அதனுடன் ஒன்றைக் கூட்டினால், ஜாவா போன்ற மொழிகளில் அது மறை 2,147,483,648 ஆகிவிடும்.

நமது தேசிய அடையாள அட்டையை எடுத்துக்கொள்வோம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருந்தன. முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டின் ஈற்றிலக்கங்கள். அடுத்த மூன்றும் ஆண்டில் எத்தனையாம் நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 சேரும். பெப்ரவரி முதலாந் திகதி பிறந்தவளுக்கு 532. இம்முறையில் 1900ஆம் ஆண்டும் 2000ஆம் ஆண்டும் ஒன்றே. 2016 ஜனவரி முதல் வழங்கப்பட்ட அட்டைகளில் ஆண்டு முழுமையாக வந்தது. எண் பன்னிரண்டு இலக்கமாயிற்று.

ஒன்பது இலக்க எண் எதுவாயினும் மேற்சொன்ன அறையில் அடங்கும். பன்னிரண்டு இலக்க அட்டை எண் அடங்காது. அட்டை எண்ணைத் தொகையெனக் கருதி அவ்வறையில் வைத்த செய்நிரல், புதிய அட்டையுடன் வருபவளை ஏற்கமாட்டாது. மேலும், 1908இல் பிறந்தவரின் எண் பூச்சியத்தில் தொடங்கும். தொகையின் முன் நிற்கும் பூச்சியத்துக்கு மதிப்பில்லையென அதனை நீக்கினால், அவர் பெயரே சிதைந்துவிடும்.

கணனி ஒரே வேளையில் நடத்தும் வேலை இழைகளுக்கும் எண் இடுகின்றது. ஓர் இழை முடிந்தபின் அதன் எண்ணை வேறோர் இழைக்கு வழங்கலாம். மனிதரின் எண் அத்தகையதன்று.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமை வழங்கிற்று. அத்தனை காலங் காத்திருந்து பெற்ற எண்ணை, அறை போதவில்லையென்று ஓர் இயந்திரம் மறுத்தல் தகுமோ?

பரிகாரம் எளிது. கூட்டிக் கழிக்கும் எண்ணைத் தொகையாக வையுங்கள்; ஆளைக் குறிக்கும் எண்ணை எழுத்துத் தொடராக, பெயரைப் போலவே வையுங்கள். செய்நிரல் கற்கும் இளைஞர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி இதுவே: இவ்வெண் தொகையா, பெயரா?