அடுத்த வீட்டுப் பிள்ளை



முழுப் பரீட்சை முடிந்தால் கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு அப்புச்சி ஊர் நினைப்புதான். கோவை சிங்காநல்லூரில் பஸ் ஏறித் தாராபுரம், காங்கேயம் பக்கத்துத் தோட்டங்களில் போய் இறங்குவார்கள். ஊருக்குப் போகாத பிள்ளைகள் பக்கத்து வீட்டிலோ அபார்ட்மெண்ட் பூங்காவிலோ விளையாடும். கோடை முழுவதும் நம் பிள்ளை இன்னொருவர் வீட்டில் இருக்கும். இன்னொருவர் பிள்ளை நம் வீட்டில் இருக்கும். அங்கே விழுந்து கையை ஒடித்துக்கொண்டால், கொதிக்கும் வெந்நீரை மேலே கவிழ்த்துக்கொண்டால், அதற்கு யார் பொறுப்பு?

இந்தக் கேள்வியை நாம் வாய்விட்டுக் கேட்பதில்லை. "பரவால்ல உடுங்க்கா, எம் பையன் சுட்டி, நாந்தான் பாத்திருக்கோணும்" என்பார் பெற்றவர். "எங்கூட்டுக்கு வந்த எடத்துல இப்படி ஆயிப்போச்சே" என்று அந்த வீட்டுக்காரர் கண் கலங்குவார். இருவரும் மனதாரச் சொல்வதுதான். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு என்று ஒன்று வரும். கொடுக்கிறேன் என்று சொன்னால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று இவருக்குத் தயக்கம். கேட்டால் உறவு போய்விடுமோ என்று அவருக்குப் பயம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே இருக்காது. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடுகிறது, மனம் கூடுவதில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் இருக்கும் ஆபத்தான பொருளுக்கு அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. பிள்ளையின் மேல் வைக்க வேண்டிய கண்ணுக்கு, உடன் வந்த பெரியவர் பொறுப்பு. பெற்றவர் பிள்ளையை விட்டுவிட்டுப் போனால், "சரி, விளையாடட்டும்" என்று சொன்ன வீட்டுக்காரரிடம் அந்தக் கண்ணும் கைமாறிவிடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா, அத்தை, அம்மாயி, யாராக இருந்தாலும் இதுதான்.

பொருள் என்று எதைச் சொல்கிறேன்? கோவையில் முதலில் தண்ணீர்த் தொட்டியைத்தான் சொல்ல வேண்டும். சிறுவாணித் தண்ணீரும் பில்லூர்த் தண்ணீரும் தினமும் வராத ஊர் இது. நாள் கணக்கில் இடைவெளி விட்டு வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்க வீட்டுக்கு வீடு தரைக்கடியில் தொட்டி கட்டியிருக்கிறோம். வாசலிலோ கார் நிறுத்துமிடத்திலோ இருக்கும் அதன் மூடி பல வீடுகளில் துருப்பிடித்த தகரம்தான். தண்ணீர் வரும் நாளில் மட்டம் பார்க்கத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போகிறோம். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அங்கே தொட்டி இருப்பது தெரியும். வந்த பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்தவர் நாம்தான், ஆகவே மூடி நம் பொறுப்பு.

தோட்டத்துச் சாளைகளில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கிறது. சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை ஓடுகிறது. மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். அதுதான் நம் மாநிலப் பூவான செங்காந்தள். மருந்துக்காக ஏற்றுமதியாகும் அதன் விதையில் கொல்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. விதை காயும் களத்தில் விளையாட வந்த பட்டணத்துப் பிள்ளை, அதை ஏதோ தின்பண்டம் என்று வாயில் போட்டுக்கொள்ளலாம்.

கிட்டத்தட்ட இதே போன்ற ஒரு வழக்கு 1922-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை முன் வந்தது. கிளாஸ்கோ நகராட்சியின் தாவரவியல் பூங்காவில் ஒரு செடியின் நச்சுப் பழத்தைத் தின்ற 7 வயதுச் சிறுவன் இறந்துபோனான். பிள்ளைகளின் கண்ணை இழுக்கும் பழம் என்று தெரிந்தும் எச்சரிக்கையோ வேலியோ இல்லாமல் விட்டது நகராட்சியின் தவறு என்று வழக்குத் தொடுக்க வழி உண்டு என்றார்கள் நீதிபதிகள். 1955-இல் தீர்ப்பான இன்னொரு வழக்கில், இங்கிலாந்தின் ரோசெஸ்டர் நகரில் தோண்டிக் கிடந்த பள்ளத்தில் 5 வயதுப் பையன் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். அந்த வழக்கில் இழப்பீடு கிடைக்கவில்லை. அவ்வளவு சின்னப் பிள்ளைகளைத் தனியே அனுப்பாமல் பார்த்துக்கொள்வது முதலில் பெற்றவர் பொறுப்பு என்றார் நீதிபதி. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பொருளுக்கும் கண்ணுக்கும் உள்ள பங்கு விளங்கும்.

இந்தியாவில் வீட்டுக்காரரின் பொறுப்புக்கென்று இங்கிலாந்தில் இருப்பதுபோலத் தனிச் சட்டம் இல்லை. அதனால் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. கவனக்குறைவால் நேர்ந்த காயத்துக்குச் சிவில் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவு, அசட்டையான செயலால் பிறருக்குக் காயம் ஏற்படுத்துவதைக் குற்றம் என்கிறது. உயிர் போனால் 106-ஆம் பிரிவு. வளர்ப்பு நாய் கடிக்காமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு 291-ஆம் பிரிவு இருக்கிறது.

சுவர் கட்டியவரின் பொறுப்பு அவர் வாசலோடு முடிவதும் இல்லை. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு தனி வீட்டின் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து பக்கத்துக் குடியிருப்பின் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். 2024 மே மாதம் கோவை சரவணம்பட்டியில், ஒரு குடியிருப்பின் பூங்காவில் சறுக்கு விளையாடப் போன இரண்டு பிள்ளைகள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். பத்திரமான இடம் என்று நம்பித்தான் பெற்றவர்கள் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அனுப்புகிறார்கள். எல்லோருக்கும் பொதுவான இடம் என்றால் யாருக்கும் பொறுப்பில்லாத இடம் என்று ஆகிவிடுவதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவே மாட்டேன் என்கிறது. குடியிருப்போர் சங்கம் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறது அல்லவா? மின்கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பது அந்தச் சங்கத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

இனி, பணம். அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் காப்பீட்டிலேயே விருந்தாளிக்கு அடிபட்டால் வைத்தியச் செலவுக்கு ஒரு தொகை உண்டு. ஆகவே அங்கே கேட்பது பகை ஆவதில்லை. நம் ஊரில் 2021 முதல் விற்கப்படும் பாரத் கிருக ரக்ஷா பாலிசி வீட்டையும் சாமான்களையும் காப்பதற்காக வந்தது. விளையாட வந்த பிள்ளையின் ஒடிந்த கைக்கு, இரு வீட்டாரும் பேசித்தான் வழி காண வேண்டும். அதனால் அடிபட்ட அன்றைக்கே வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "இது எங்க வீட்டுல நடந்தது, செலவை நாங்களும் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிடுவது நல்லது. தப்பு யார்மேல் என்ற பேச்சு அதற்குப் பிறகு நடக்கட்டும். பெற்றவர்களும் பெரிய மனதைக் காட்டுவதாக நினைத்து அதை ஒரேயடியாக மறுக்க வேண்டாம்.

அதைவிட முக்கியமான ஒன்று, நடந்ததை நடந்தபடி சொல்வது. பிள்ளை தலைகுப்புற விழுந்ததை "சும்மா தடுக்கி விழுந்தான்" என்று மறைத்தால், வைத்தியர் தலையில் அடிபட்டதைப் பார்க்கத் தவறலாம். நஞ்சான எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். சுட்டுக்கொண்டால் இட்லி மாவு, பற்பசை, மை எதையும் தடவாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பெற்றவருக்கு உடனே போன் செய்யுங்கள். அவர்கள் திட்டுவார்கள் என்று அரைமணி நேரம் தள்ளிப்போட்ட வீட்டை எந்தத் தாயும் மன்னிக்க மாட்டாள்.

அடிபட்ட பிள்ளையை "உன்னால்தான் இவ்வளவும்" என்று யாரும் சொல்லக் கூடாது. 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளை செய்யும் எதையும் நம் குற்றவியல் சட்டமே குற்றமாகக் கொள்வதில்லை.

நேயர்களே, இந்த உரை முடிந்ததும் எழுந்துபோய் உங்கள் தொட்டி மூடியைக் காலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் இன்றைக்கே சரிசெய்து ஒரு பூட்டு போடுங்கள். பக்கத்து வீட்டு மூடி ஆடினால், உங்கள் பிள்ளை அங்கே விளையாடப் போவதற்கு முன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.